ஊர் நினைவுக்கல்: பெயர் முதலில், கல் பிறகு

குளச்சல் கடற்கரைத் தூண், 1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுப் படையை வென்றதற்காக நிற்பது. உச்சியில் திருவிதாங்கூர் முத்திரையான சங்கு. வெற்றித்தூணுக்கு அது பொருத்தம். போரில் இறந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வைக்கும் கல் வேறு மாதிரி. அதில் பெயர்தான் எல்லாம். ஆனால் கல்லுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பெயர்களைக் கடைசியில் நெருக்கி அடிப்பதே வழக்கமாகிவிட்டது.

வாசகத்தை முதலில் தாளில் முடியுங்கள். பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள் போதும். படை ஆவணத்தோடு ஒத்துப் பார்த்து, வீட்டாரிடம் கையெழுத்து வாங்குங்கள். இனிஷியல் அப்பா பெயரா, வீட்டுப் பெயரா என்பதில்தான் தகராறு வரும். வரிசை தேதிப்படி இருக்கட்டும், பதவிப்படி வேண்டாம். உபயதாரர் பெயர் பின்பக்கம். ட்யூப்லைட்டிலேயே உபயம் எழுதுகிறவர்கள் நாம். முன்பக்கம் இடம் விட்டால் வீரர் பெயரை அது விழுங்கிவிடும்.

எழுத்து உயரம் 30 மி.மீ.க்குக் குறைந்தால் ண, ணை போன்றவற்றின் சுழி கல்லில் உதிர்ந்து அடைபடும். மேலே புள்ளியும் கீழே உகரக் காலும் இடிக்காமலிருக்க வரிக்கு 60 மி.மீ. விடுங்கள். 14 பெயருக்கு 840, தலைப்புக்கு 200, மேலும் கீழும் 150 வீதம் 300. மொத்தம் 1,340 மி.மீ., ஏறக்குறைய நாலரை அடி. மண்ணுக்குள் ஒன்றரை அடி சேர்த்து ஆறடிக் கல். அகலம் இரண்டரை அடி, கனம் அரை அடி என்றால் எடை சுமார் 570 கிலோ. ஆள் வைத்துத் தூக்குகிற வேலை இல்லை. செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) கட்டாயம். விளிம்பு பெயராமலிருக்க தூக்கும் பெல்ட்டுக்கு அடியில் சாக்கு மடித்து வையுங்கள்.

குமரி மாவட்டத்துக் கல்சிற்ப ஊரான மயிலாடியில் பட்டறைக்குக் கல்லைப் பார்க்கப் போனால் தண்ணீர் கேளுங்கள். நடுகல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் ஆறு படிகளில் மூன்றாவது நீர்ப்படை, கல்லை நீராட்டுவது. சடங்கு இருக்கட்டும், அதில் ஒரு சோதனையும் உண்டு. நனைத்த கல் காயும்போது மற்ற இடமெல்லாம் வெளுத்து, ஒரு கோடு மட்டும் கறுப்பாகவே நின்றால் அங்கே விரிசல். சுத்தியலால் தட்டினால் மணி போலக் கேட்க வேண்டும்; மந்தமாகக் கேட்டால் விட்டுவிடுங்கள்.

சின்னங்களில் அடக்கம் நல்லது. தலைகீழ்த் துப்பாக்கியும் அதன்மேல் ஹெல்மெட்டும் 1972-இல் டெல்லி அமர் ஜவான் ஜோதியால் எல்லோருக்கும் பழகிய வடிவம்: ஆயுதம் இருக்கிறது, ஏந்தியவன் இல்லை. அதைத் தனியாக நிற்க வைத்துச் செதுக்கினால் குழல் முதலில் உடையும். அரை அங்குலப் புடைப்பாகக் கல்லிலேயே எடுங்கள். நாலு சிங்க முத்திரையை ஊர்க் கமிட்டி தன் இஷ்டத்துக்குப் போட முடியாது, 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சிலுவை, பிறை, ஓம் எதையும் பொதுத் தலைப்பில் வைக்காதீர்கள்; பட்டியலில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

கடற்கரை ஊரில் சாதாரண இரும்புக் கம்பி வைத்துக் கல்லைப் பிணைத்தால் துரு ஏறி, ஊதி, கல்லையே பிளக்கும். 316 தர ஸ்டெயின்லெஸ் கம்பி கேட்டு வாங்குங்கள். உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் அடியில் வெள்ளை பூத்துக்கொண்டே இருக்கும். முகம் நேர் கிழக்கே வேண்டாம். காலை எட்டு மணிக் கொடியேற்றத்தில் வெயில் நேராக அடித்தால் வெட்டெழுத்தில் நிழல் விழாது, பெயர் தெரியாது. கொஞ்சம் திருப்பி வையுங்கள்.

விளக்குக்கும் மெழுகுவர்த்திக்கும் இரண்டடி முன்னால் தனிக்கல் போடுங்கள். இல்லையென்றால் கல்லின் காலடியிலேயே ஏற்றுவார்கள். எண்ணெய் உள்ளே இறங்கிக் கறுத்துவிடும். அதை எடுக்க ஆசிட் ஊற்றாதீர்கள், கம்பி பிரஷும் வேண்டாம். நல்ல தண்ணீர், தேங்காய் நார், மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை.