கண்டிக்குக் கோச்சிப் (ரயில்) பாதை போட்டவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

முதலில் ஆளின் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்: பங்கு சேர்த்துக் கம்பெனி தொடங்கியவரா, ஒப்பந்தக்காரரா, பொறியியலாளரா? மூவரையும் ஒருவராக்குவதுதான் வழக்கமான பிழை. இலங்கை ரயில்வே கம்பெனி 1845இல் லண்டனில் உருவானது. பாதையைப் போட்டது அதுவல்ல. கொழும்பு–கண்டி வேலையை முடித்தவர் ஒப்பந்தக்காரர் ஃபேவியல். அதற்கு முன் பம்பாய்–தாணே பாதையில் வேலை செய்தவர்.

பிறகு ஒரு தாளில் நிலைய வரிசையில் பாதை போய்ச் சேர்ந்த ஆண்டுகளை எழுதுங்கள்: கண்டி 1867, நாவலப்பிட்டி 1874, நானுஓயா 1885, பண்டாரவளை 1894, பதுளை 1924. கண்டிக்கு முன்பே பாதை எட்டிய அம்பேபுஸ்ஸவுக்கு இரண்டு ஆண்டுகள் வரும். முதல் கோச்சி ஓடியது டிசம்பர் 1864; பொதுப் போக்குவரத்து தொடங்கியது ஒக்டோபர் 1865. இரண்டையும் குறியுங்கள்.

தேயிலைக்காகப் போட்ட பாதை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அன்று தோட்டங்களிலிருந்து இறங்கியது கோப்பி. கண்டிப் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டம் தொடங்கியதே 1867இல்தான். கோப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869இல் வந்தது.

இலங்கை ரூபாய்–சதக் கணக்குக்கு மாறியது 1872இல்; அதற்கு முந்திய கணக்குகளைப் பவுண், சிலிங்கிலேயே விடுங்கள். ரூபாயாக்கினால் தொகை குழம்பும்.

ரம்புக்கனைக்கு மேல், 45 அடிக்கு ஒரு அடி உயரும் கடுகண்ணாவை ஏற்றத்துக்குத் தனிப் பந்தி கொடுங்கள். அங்கே பாறை உடைத்த தொழிலாளர் பலரைக் காய்ச்சல் கொன்றது. ஒப்பந்தக்காரரின் வாழ்க்கைக்குள் அவர்களும் கட்டாயம் வர வேண்டும்.