பழைய அமெரிக்க நேஷனல் பேங்க் நோட்டு: அடையாளம் காண்பதும் மதிப்பிடுவதும்

1863 முதல் 1935 வரை அமெரிக்காவில் சின்னச் சின்ன ஊர் வங்கிகள்கூடத் தங்கள் பெயர் போட்ட டாலர் நோட்டுகளை வெளியிட்டன. அரசுக் கடன் பத்திரங்களை ஈடாக வைத்த வங்கிக்குத்தான் அந்த நோட்டுகள் கிடைக்கும். இவற்றின் விலையைப் பெரும்பாலும் வயதைவிட வங்கிதான் முடிவு செய்கிறது. அதனால் ஆண்டைப் பார்த்தவுடன் விலை பேசிவிடாதீர்கள்.

படி 1: அளவைப் பாருங்கள். ஏறக்குறைய 19 செ.மீ. நீளம் இருந்தால் பெரிய அளவு நோட்டு. இன்றைய டாலர் அளவில் இருந்தால் 1929 வரிசை (சீரிஸ்).

படி 2: முகப்பில் வங்கியின் பெயர், ஊர், மாநிலம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 1929 வரிசையில் ஒரு குழப்பம் உண்டு. பெடரல் ரிசர்வ் வங்கியின் (அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் வட்டார வங்கி) பெயர் இருந்து, ஓரங்களில் ஏ முதல் எல் வரை ஏதாவது ஓர் ஆங்கில எழுத்து பெரிதாக இருந்தால் அது நேஷனல் பேங்க் நோட்டு அல்ல, வேறு வகை. பழுப்பு முத்திரை இரண்டிலும் இருக்கும்; அதை மட்டும் நம்ப வேண்டாம்.

படி 3: சார்ட்டர் எண்ணைத் தேடுங்கள். ஒவ்வொரு வங்கிக்கும் அரசு கொடுத்த பதிவு எண் இது. ஒரே பெயரில் பல வங்கிகள் இருந்ததால் இதுதான் உறுதியான அடையாளம். 1874-க்கு முந்தைய நோட்டுகளில் இது இல்லாமலும் இருக்கலாம்.

படி 4: வகையைப் பிரியுங்கள். 1902 வரிசை நோட்டுகள் 1929 வரை புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தன; அதனால் 1902 என்பது அச்சிட்ட ஆண்டு அல்ல. அதில் சிவப்பு முத்திரை அரிது, நீல முத்திரை அதிகம். 1929 வரிசையில் சீரியல் எண்ணுக்குப் பக்கத்தில் சார்ட்டர் எண் பழுப்பு நிறத்திலும் இருந்தால் இரண்டாம் வகை, இல்லாவிட்டால் முதல் வகை.

படி 5: இனி மதிப்பு. அந்த வங்கியின் நோட்டுகள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று சேகரிப்பாளர்களின் கணக்கெடுப்பில் பாருங்கள். நியூயார்க்கின் பெரிய வங்கி ஒன்றின் 1902 நோட்டைவிட, ஒரு குக்கிராம வங்கியின் 1929 நோட்டு பல மடங்கு விலை போகலாம். அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் 1912-இல்தான் மாநிலங்களாயின. அதற்கு முன் ‘டெரிட்டரி’ (இன்னும் மாநிலமாகாத பகுதி) என்று அச்சான நோட்டுகளுக்குத் தனி மவுசு. அப்புறம், அதே வங்கியின் நோட்டு ஏலத்தில் உண்மையில் விற்ற விலையைத் தேடுங்கள். விற்பவர் கேட்கும் விலையைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மடிப்பு, கிழிசல், ஊசித் துளை எல்லாமே விலையைக் குறைக்கும். ஆனால் தயவுசெய்து கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். விலை உயர்ந்த நோட்டு என்று தெரிந்தால், பிஎம்ஜி போன்ற தரச்சான்று நிறுவனத்துக்கு அப்படியே அனுப்புங்கள்.