தாராளவாதத்தை விமர்சிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் இளைஞர்கள் தாராளவாதத்தை, அதாவது தனிமனித உரிமையையும் சட்டத்தின் முன் சமத்துவத்தையும் முதன்மையாகக் கொள்ளும் கொள்கையை, விமர்சித்துத் தமது அரசியல் நிலைப்பாட்டை விளக்கி எழுதும் கட்டுரைகளில், தொடக்க காலத்தில் நான் செய்த பிழைகளே திரும்பத் திரும்ப வருவதால் இதை எழுதுகிறேன்.

திறந்த பொருளாதாரத்தையும் தாராளவாதத்தையும் ஒன்றாக்குதல்

1977இல் சந்தையைத் திறந்துவிட்ட அரசுதான் 1978இல் நிறைவேற்று ஜனாதிபதியிடம் அதிகாரத்தைக் குவித்தது. இரண்டையும் தனித்தனியே விமர்சியுங்கள்.

சட்டம் தோற்றதால் உரிமையையே கைவிடுதல்

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். இத்தகைய கட்டுரைகள் சரியாகவே தொடங்குகின்றன. சுதந்திரத்தின்போது நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு எந்தச் சமூகத்துக்கும் பாரபட்சமான சட்டம் இயற்றுவதைத் தடுத்திருந்தும், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தோரின் வழிவந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் அவர்களது வாக்குரிமையும் பறிபோனது. 1953இல் கொடக்கன்பிள்ளை வழக்கில், அப்போது இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த கோமறைக் கழகம் அச்சட்டங்கள் செல்லும் என்றது. சட்டம் எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்லவில்லை. தந்தை வழிப் பிறப்புச் சான்றையே கேட்டது. லயன் காம்பராக்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்த பலரிடம் அந்தச் சான்று இருக்கவில்லை. வாசகம் நடுநிலையாக இருந்தாலே நீதி கிடைத்துவிடும் என்று கருதும் தாராளவாதத்தின் மீது எனக்குள்ள மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கிய பின்னரும் சொந்தக் காணியற்ற லயக் குடும்பங்கள் இருக்கின்றன. உரிமைக் கருத்தரங்குகளிலோ பிரதிநிதித்துவம் பேசப்படும் அளவுக்குக் காணி பேசப்படுவதில்லை.

ஆனால் இதிலிருந்து, தனிமனித உரிமையே மேற்கின் ஏமாற்று, சமூகமே முதன்மை என்ற முடிவுக்குத் தாவுகிறார்கள். அப்படியொரு கட்டுரையை ஓர் இளைஞர் வாசித்து முடித்ததும், கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், "தம்பி, என் சம்பளத்த என் கையில குடுங்கன்னு நான் கேட்டா அதுவும் தப்பா?" என்று கேட்டார். பெண்களின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ வாங்கிச் செல்லும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. அதை எதிர்க்க அவருக்கிருந்த ஒரே பிடி, அக்கட்டுரை தூக்கியெறியச் சொன்ன தனிமனித உரிமைதான். சமூகத்தின் பெயரால் பேசப்போவது தொழிற்சங்கத் தலைவரா, வீட்டுத் தலைவரா, கொழுந்து பறிப்பவரா என்று சொல்லாத கட்டுரையை நான் ஏற்பதில்லை. உரிமை தனிமனிதருக்கே உரியது. அதை அனுபவிக்கத் தேவையான காணியையும் முகவரியையும் தமிழில் இயங்கும் அலுவலகத்தையும் தருவது அரசின் கடமை. என் நிலைப்பாடு இவ்வளவே.

தாராளவாதச் சிந்தனையாளர் ஜோன் ஸ்டுவர்ட் மில்லைப் படிக்காமல் மறுத்தல்

படித்துவிட்டு மறுக்கலாம்.

வலுவான மறுப்பைத் தவிர்த்தல்

1948இல் நடந்தது தாராளவாதத்தை மீறிய பெரும்பான்மைவாதம் என்று தாராளவாதத்தின் ஆதரவாளர் சொல்வார். அதற்கு விடையளிக்காமல் முடிக்காதீர்கள். அந்த மீறலைத் தடுக்கவென்றே எழுதப்பட்ட பிரிவு கையில் இருந்தும், இலங்கை உயர் நீதிமன்றம் சட்டத்தின் வாசகத்துக்கு அப்பால் அதன் விளைவைப் பார்க்க மறுத்தது, கோமறைக் கழகமும் அச்சட்டங்களைச் செல்லுபடியாகும் என்றே விட்டது என்பதே நான் தரும் விடை.