முதலாண்டு உளவியல் செய்முறை: எங்கே சறுக்குகிறது?

புலனுணர்வு, குழந்தை வளர்ச்சி என்று தியரித் தாளில் நன்றாக எழுதும் மாணவர்கள்கூட ரெக்கார்டு நோட்டில் சறுக்கிவிடுகிறார்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் போய்ச் சோதனை செய்பவர்களுக்கு இது.

முதலில் முல்லர்-லையர் பலகை. கோட்டின் நீளத்தைத் தப்பாகக் காட்டும் ஒரு கண்மயக்கத்தை அளக்கும் பலகை இது; அந்த மயக்கம் 1889இல் விவரிக்கப்பட்டது. இருமுனையும் அம்புபோல் கூடிய கோடு குட்டையாகவும், இறகுபோல் விரிந்த கோடு நீளமாகவும் தெரியும். உட்காருபவர் நகரும் கோட்டை இழுத்து இரண்டையும் சமமாக்க வேண்டும். எல்லா முறையும் ஒரே பக்கத்திலிருந்து தொடங்குவதுதான் பெரிய தவறு. 20 அளவுகள் எடுத்தால் பத்தை நன்றாக நீண்ட நிலையிலிருந்தும், பத்தைக் குட்டையான நிலையிலிருந்தும் தொடங்குங்கள். ஒவ்வொரு பத்திலும் ஐந்துக்கு நகராத கோடு இடப்பக்கம், ஐந்துக்கு வலப்பக்கம். வரிசையையும் கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் கையை இழுத்த திசையும் இடப்பக்கச் சாய்வும் மயக்கத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு பிரிக்க முடியாது.

“இது கண்ணை ஏமாத்தும், கவனமா இருங்க” என்று முன்கூட்டியே சொன்னால் சோதனை முடிந்தது. “ரெண்டு கோடும் சமமாத் தெரியுற இடத்துல நிறுத்துங்க” என்றால் போதும். ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லிமீட்டர் பிழை என்று காட்டவும் கூடாது. ஆத்தங்குடித் தரையில் பலகையை வைக்காதீர்கள். பூவும் கட்டமும் கோட்டின் பின்னணியாகிவிடும். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து வையுங்கள். ஒருவருக்கு வளவு முற்றத்து வெயில், அடுத்தவருக்கு இரண்டாங்கட்டு இருட்டு என்பதும் ஆகாது.

செங்கோணச் சுவர்களுக்குள் வளர்ந்தவர்களுக்கு இந்த மயக்கம் கூடுதல் என்ற விளக்கத்தை சீகல், கேம்பல், ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் பல நாட்டுத் தரவுகளோடு 1966இல் முன்வைத்தார்கள். அதற்கு மறுப்புகளும் உண்டு. முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் வரிசையாகத் தெரியும் வீடுகளைப் பார்த்ததும், பத்துப் பேரை வைத்து அதை நிரூபித்துவிட்டதாக எழுதத் தோன்றும். வயது, படிப்பு, தாளில் வரைந்த படங்களைப் பார்த்த பழக்கம் எதையும் சமன்செய்யாமல் அப்படி எழுத முடியாது.

அடுத்தது, பாத்திரம் மாறினாலும் தண்ணீரின் அளவு மாறாது என்று குழந்தைக்குப் புரிகிறதா என்று பார்க்கும் பியாஜேயின் தண்ணீர்ச் சோதனை. இதற்கு வீட்டு எவர்சில்வர் டம்ளர் உதவாது. மட்டம் வெளியே தெரியாது. ஒரே அளவான இரண்டு கண்ணாடி டம்ளரும், ஒடுக்கமான உயரமான ஒன்றும் வேண்டும். இரண்டிலும் 150 மில்லி ஊற்றி, சமம் என்று குழந்தையே ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒன்றை உயரமானதுக்கு மாற்ற வேண்டும். ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் “ரெண்டுலயும் தண்ணி சமமா?” என்று ஒரே கேள்வியைக் கேட்டால், முதல் பதில் தப்போ என்று எண்ணிச் சில குழந்தைகள் மாற்றிச் சொல்லும். ஊற்றிய பிறகு மட்டும் கேட்டபோது தவறுகள் குறைந்ததை ரோஸும் பிளாங்கும் 1974இல் காட்டினார்கள். ஆகவே எந்த முறையில் கேட்டீர்கள் என்று எழுதுங்கள், “எப்படிச் சொல்றே?” என்று காரணமும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆயாவோ அப்பத்தாவோ பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுத்தால் அந்தப் பதிலைச் சேர்க்காதீர்கள். பெற்றோரின் சம்மதம் முன்பே வேண்டும். நோட்டில் பெயருக்குப் பதில் எண்.

20 வயதினரையும் 70 வயதினரையும் ஒரே நாளில் சோதித்து “வயதானால் அறிவு குறைகிறது” என்று முடிப்பதும் அடிக்கடி நடக்கிறது. வயதோடு பள்ளிப்படிப்பும் வளர்ந்த காலமும் மாறியிருக்கின்றன. உளவியலாளர் ஷாய் 1956இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கி, ஏழாண்டுக்கு ஒருமுறை அதே ஆட்களையும் சோதித்தார். ஒருநாள் ஒப்பீடு காட்டிய அளவுக்குச் சரிவு அதில் தெரியவில்லை.

கடைசியாக மாதிரி, அதாவது யாரைச் சோதிக்கத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது. தெருவில் எதிர்ப்பட்டவரைப் பிடிப்பதை “ராண்டம்” என்று எழுதுகிறார்கள். அது வசதி மாதிரி. செட்டிநாட்டில் இது இன்னும் மோசம்: பெரிய வீடுகள் பல பூட்டிக் கிடக்கும், திறந்திருந்தால் காவல்காரரோ முதியவரோ இருப்பார், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் போனால் சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தவர்கள் நிறைந்திருப்பார்கள். இரண்டுமே ஊரைக் காட்டாது. சமவாய்ப்பு மாதிரிக்கு முதலில் முழுப் பட்டியல் வேண்டும், பிறகு எண் போட்டுக் குலுக்கல். வந்தவர்களை இரு குழுவாக நாணயம் சுண்டிப் பிரிப்பது சமவாய்ப்பு ஒதுக்கீடு. அது வேறு வேலை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதன் பெயரை எழுதாதீர்கள். பட்டியல் கிடைக்காவிட்டால் வசதி மாதிரி என்றே எழுதி, எந்தத் தெரு, எந்த மாதம், எத்தனை கதவு திறக்கவில்லை என்பதையும் சேர்த்துவிடுங்கள்.