பலூன் சுருங்காத ஹைட்ரஜனேற்றம்

தஞ்சாவூர் லேபில் ஹைட்ரஜன் ஏற்றி நைட்ரோ சேர்மத்தை அமீன் சேர்மமாக்கும் வேலை. பொருள் 2 கிராம், வினையூக்கியாக 10% பல்லேடியம் கார்பன் (கரித்தூளில் படிந்த பல்லேடியம்) 200 மில்லிகிராம், மெத்தனால் 20 மில்லி. ஆறு மணி நேரமாகியும் ஹைட்ரஜன் பலூன் சுருங்கவில்லை. டிஎல்சியில் (சேர்மங்களைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் தகட்டுச் சோதனை) தொடக்கப் பொருளின் புள்ளி அப்படியே நின்றது.

ஐப்பசி ஈரத்தில் வினையூக்கி கெட்டிருக்கும் என்று இன்னொரு 200 மில்லிகிராம் போட்டது வீண். ஈரம் பாவம், அதன்மேல் பழியில்லை; பாதித் தண்ணீரோடே விற்கும் வகை உண்டு (அதற்கு எடையை இரட்டிக்க வேண்டும்). உண்மையான கோளாறு கந்தகம். முந்தைய படியில் பயன்படுத்திய, கந்தகமுள்ள தயோனைல் குளோரைடின் மிச்சம் பல்லேடியத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டால் ஹைட்ரஜனுக்கு இடமிருக்காது.

பொருளை எத்தில் அசிடேட்டில் கரைத்து, நிறைவுற்ற சோடியம் பைகார்பனேட் கரைசலில் இருமுறை கழுவி உலர்த்தினேன். பிறகு 200 மில்லிகிராம் ஆக்டிவேட்டட் கார்பனுடன் 40 டிகிரியில் அரை மணி கலக்கி, செலைட் என்ற வடிகட்டும் தூளில் வடித்து, கரைப்பானை வற்றவைத்தேன். புது வினையூக்கியில் மூன்று மணியில் முடிந்தது.

சேர்க்கும் வரிசை முக்கியம்: குடுவையில் நைட்ரஜன், அடுத்து வினையூக்கி, அதன்மேல் மெத்தனால். காற்றில் மெத்தனால் ஆவிமேல் உலர்ந்த தூளைக் கொட்டினால் குப்பென்று பற்றும். வெற்றிடம்-நைட்ரஜன் மூன்று முறை மாற்றி, கடைசியில்தான் ஹைட்ரஜன். வினை முடிந்து வடித்த பல்லேடியம் கரியைக் காயவிடாமல் தண்ணீர் ஊற்றித் தனிப் புட்டியில் வைக்கவும். டிஷ்யூவோடு குப்பையில் போட்டால் புகையும்.