சுங்கை சிப்புட்டிலிருந்து பயோமெடிக்கல் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க

பயோமெடிக்கல் பொறியியலில் (மருத்துவத்துக்கான கருவிகளையும் பொருட்களையும் உருவாக்கும் துறை) மாஸ்டர்ஸோ பி.எச்.டி.யோ செய்ய ஆசைப்படும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எந்த யுனிவர்சிட்டி நல்லது?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "எந்த நோயாளிக்கு என்ன செய்யப் போற?" பதில் வராவிட்டால் விண்ணப்பப் படிவத்தை இன்னும் திறக்காதே என்று சொல்லிவிடுவேன். முதலில் கேள்வி, அடுத்து அந்தக் கேள்வியில் வேலை செய்யும் ஆள், அப்புறம் பணம், கடைசியில்தான் படிவம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். அம்மா பால்மரம் வெட்டினார். பட்டப்படிப்பு முடிந்ததும் அரசாங்க மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் குத்தகை நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். 1997லிருந்தே மலேசியாவில் அந்த வேலை தனியார் கையில் இருக்கிறது. மருத்துவமனைகளில் எங்களை 'பெம்ஸ்' (மருத்துவக் கருவிப் பராமரிப்பு) ஆட்கள் என்பார்கள். இன்ஃபியூஷன் பம்ப், டிஃபிப்ரிலேட்டர், டயாலிசிஸ் இயந்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் அட்டவணைப்படி சோதனை செய்து ஸ்டிக்கர் ஒட்டுவோம். அப்புறம் ஆய்வு முறையில் மாஸ்டர்ஸ் முடித்தேன். இப்போது பி.எச்.டி. செய்கிறேன். சர்க்கரை நோயாளிகளின் பாத அழுத்தம்தான் என் தலைப்பு.

கேள்வியைத் தேடி எங்கும் போக வேண்டாம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு சர்க்கரை அளவு அதிகம். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். காலையில் ரத்தம் கழுவ (டயாலிசிஸ்) போகும் பெரியவர்களில் யாரையாவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். அவர்கள் கையில் ஃபிஸ்டுலா போட்ட இடத்தை, அதாவது டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடத்தை, தொட்டால் அதிர்வு தெரியும். ஸ்டெதஸ்கோப் வைத்தால் 'விர்' என்று சத்தம் கேட்கும். ரத்தக்குழாய் சுருங்கினால் அந்தச் சத்தம் மாறும். அந்த மாற்றத்தை ஒரு சின்ன மைக்ரோஃபோனை வைத்து முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்பது உலகத்தில் பலர் வேலை செய்யும் ஆய்வுக் கேள்வி. எலக்ட்ரிக்கல் படித்த பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் தேவையில்லை.

ஆமாம், எலக்ட்ரிக்கல் படித்தவரும் வரலாம். மெக்கானிக்கல், கெமிக்கல், மெட்டீரியல்ஸ், இயற்பியல் என எதிலிருந்தும் இந்தத் துறைக்குள் நுழையலாம். சிக்னல், கருவியியல் பக்கம் எலக்ட்ரிக்கல்காரருக்கும், எலும்பு, மூட்டு, செயற்கைக் கால் பக்கம் மெக்கானிக்கல்காரருக்கும், உயிர்ப்பொருள், திசுப் பொறியியல் பக்கம் கெமிக்கல்காரருக்கும் எளிது. உடலியங்கியல் படிக்காதது குறையாகத் தெரியும். சேர்வதற்கு முன் ஓர் ஆன்லைன் பாடமாவது முடித்துச் சான்றிதழ் வைத்திருங்கள். உங்கள் பட்டம் மலேசியப் பொறியியல் அங்கீகார மன்றத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பொறியியல் பட்டங்களின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2009லிருந்து மலேசியா முழு உறுப்பினர். அங்கீகாரம் உள்ள பட்டத்தை வெளிநாட்டில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உள்நாட்டில் மாஸ்டர்ஸ் மூன்று விதம்: பாட முறை, கலப்பு முறை, ஆய்வு முறை. பாட முறை வேலையில் இருப்பவர்களுக்குச் சரி, ஆனால் செலவு உங்களுடையது. பி.எச்.டி. வரை போக நினைப்பவர்கள் ஆய்வு முறையை எடுங்கள் என்பேன். யு.எம். (மலாயா பல்கலைக்கழகம்), யு.டி.எம். (மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்), பெர்லிஸில் யுனிமேப், சுங்கை லோங்கில் யு.டி.ஏ.ஆர். என்று இந்தத் துறையில் பட்டம் தரும் இடங்கள் பல உண்டு. தரவரிசையைப் பார்க்கும் நேரத்தில், ஆய்வுக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். யு.எம்.மில் பொறியியல் துறையிலிருந்து மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். யு.எஸ்.எம்.மின் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகம் பினாங்கில் நிபோங் திபாலில், மருத்துவ வளாகமோ கிளந்தானில் குபாங் கெரியானில். ஜொகூரில் ஸ்கூடாயில் தேசிய இருதயக் கழகமும் யு.டி.எம்.மும் சேர்ந்து நடத்தும் இருதயப் பொறியியல் மையம் இருக்கிறது. நோயாளியின் தரவு தேவைப்படும் தலைப்பென்றால் இந்தத் தூரமே உங்கள் ஆண்டுகளைத் தின்றுவிடும். உடலுக்குள் வைக்கும் பொருளை ஆய்வுக்கூடத்திலேயே சோதிக்கும் தலைப்பென்றால் அவ்வளவு கவலை வேண்டாம்.

இனி, ஆள். உள்நாட்டு ஆய்வுப் படிப்பில் மேற்பார்வையாளர் சம்மதிக்காமல் படிவத்தை அனுப்பிப் பெரிய பயனில்லை. விரிவுரையாளரின் பெயரை கூகுள் ஸ்காலரில் போட்டு, கடைசி மூன்று ஆண்டுக் கட்டுரைகளில் இரண்டையாவது முழுசாகப் படியுங்கள். அவரிடம் இப்போது மானியம் இருக்கிறதா என்று துறைப் பக்கத்தில் பாருங்கள். உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். மாதிரி மானியம் வாங்கியவர், அந்தத் திட்டத்தில் மேற்படிப்பு மாணவர்களை உருவாக்கிக் காட்ட வேண்டும். அப்படிப்பட்டவர் உங்கள் மடலுக்காகக் காத்திருக்கிறார் என்றுகூடச் சொல்லலாம். ஆய்வு உதவியாளராக எடுத்துக்கொண்டால் மாதம் ஓர் அலவன்ஸும் வரும்.

மடல் ஆங்கிலத்தில் இருக்கட்டும்; ஒரு திரைக்குமேல் நீளக்கூடாது. முதல் வரியில் நீங்கள் யார், என்ன படித்தீர்கள். இரண்டாவது பத்தியில் அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் உங்களுக்கு எழுந்த கேள்வி என்ன. மூன்றாவதில் உங்கள் கையால் செய்த ஒரு வேலை: இறுதியாண்டு புராஜெக்டில் நீங்களே வடிவமைத்த சர்க்யூட், பயிற்சிக்காலத்தில் சரிசெய்த கருவி. கடைசியில் ஒரே ஒரு கேள்வி: அடுத்த சேர்க்கைக்கு மாணவர் எடுக்கிறீர்களா? "மதிப்பிற்குரிய ஐயா அவர்களே, தங்கள் பொன்னான நேரத்தை" என்று பள்ளிக்கூடக் கடிதம் மாதிரி ஆரம்பித்து அதை ஆங்கிலமாக்கி அனுப்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மரியாதை வேண்டும்தான், ஆனால் அவர் தேடுவது விஷயத்தை. இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவர்.

பதில் வந்தால், பேசும்போது இதைக் கேட்க மறந்துவிடாதீர்கள்: "சுகாதார அமைச்சு மருத்துவமனையில் தரவு எடுக்க நெறிமுறை அனுமதி ஏற்கெனவே இருக்கிறதா?" அந்த மருத்துவமனைகளில் ஆய்வு செய்வதென்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கு ஆகும். இரண்டு ஆண்டு மாஸ்டர்ஸில் அது பெரிய துண்டு.

வெளிநாட்டைப் பொறுத்தவரை நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. அமெரிக்காவில் இளங்கலை முடித்தவர் நேராக பி.எச்.டி.க்கே விண்ணப்பிக்கலாம், இந்தத் துறையில் பி.எச்.டி. என்றால் பொதுவாகக் கல்விக் கட்டணமும் உதவித்தொகையும் அவர்கள் தருவது. மாஸ்டர்ஸ் என்றால் பெரும்பாலும் சொந்தக் காசு. வீட்டில் பணம் இல்லாதவர் பி.எச்.டி.யைக் கேட்கப் பயந்து மாஸ்டர்ஸைக் கேட்பது அங்கே எதிர்க் கணக்கு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், டியூக், ஜார்ஜியா டெக்கும் எமரியும் சேர்ந்து நடத்தும் துறை என்று பெரிய பெயர்களுக்கெல்லாம் கெடு டிசம்பரை ஒட்டி முடிந்துவிடும். மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வை நிறைய துறைகள் கைவிட்டுவிட்டன. ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்கு கேட்டு எழுதுவதில் வெட்கம் வேண்டாம்.

இங்கிலாந்தில் மாஸ்டர்ஸ் ஓர் ஆண்டு. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு அளவு வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்ததும் நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டாவது இருக்க வேண்டும். எங்களைப் போல் பெம்ஸில் இருந்தவர்களுக்கு அந்த அனுபவம் கையிலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் சிங்கா என்ற உதவித்தொகை பி.எச்.டி.க்கு நான்கு ஆண்டு வரை கிடைக்கும். வார இறுதியில் பஸ் ஏறி வீட்டுக்கு வரலாம் என்பதால் அம்மாக்கள் அதிகம் எதிர்க்காத ஒரே வெளிநாடு அதுதான். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது என்று கேட்டவுடன் துள்ளிக் குதிப்பவர்களுக்கு: விசாவுக்கு முன் முடக்கப்பட்ட கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட அளவே எடுக்க முடியும் வங்கிக் கணக்கு) 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும் என்று 2024 செப்டம்பரிலிருந்து விதி. அது முழுக்க உங்கள் சாப்பாட்டுப் பணம்தான், ஆனாலும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது நோக்க அறிக்கை, அதாவது இந்தப் படிப்பு ஏன், என்ன செய்யப் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதித் தரும் கட்டுரை. இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நம் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வரும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "என் தாயார் தோட்டத் தொழிலாளி. பல இன்னல்களுக்கிடையே என்னைப் படிக்க வைத்தார். சிறு வயதிலிருந்தே மருத்துவமும் தொழில்நுட்பமும் என்னைக் கவர்ந்தன." உண்மைதான், ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் படிக்கும் பேராசிரியருக்கு உங்களை வைத்து என்ன செய்வது என்று தெரியாது. அவர் தேடுவது ஆய்வுக்கூடத்தில் இருக்கப்போகும் ஆளை.

அதே தோட்டத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: "செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர் நாள் முழுக்க ரப்பர் பூட்ஸில், சரிவில், ஈர மண்ணில் நடக்கிறார். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு எந்த இடத்தில் அழுத்தம் ஏறுகிறது என்று தெரியாது. புண் வந்த பிறகுதான் தெரியும். காலணிக்குள் வைத்து அழுத்தத்தை அளக்கும் இன்சோல்களைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலும் சமதளத்தில், சாதாரணக் காலணியில் நடக்க வைத்தே அளந்திருக்கிறார்கள். பூட்ஸுக்குள் வெப்பமும் வியர்வையும் இருக்கும்போது அந்த சென்சார் எவ்வளவு பிசகும்?" இதில் அம்மா இருக்கிறார், தோட்டம் இருக்கிறது, கஷ்டமும் இருக்கிறது. எதையும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்தப் பத்திக்குப் பின், அந்தக் கேள்வியைத் தொட உங்களுக்கு என்ன தெரியும், எது தெரியாது, அங்கே யாரிடம் கற்றுக்கொள்ள முடியும் என்று எழுதினால் அறிக்கை முக்கால்வாசி முடிந்த மாதிரி. குடும்பக் கதைக்கும் இடம் உண்டு: சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தனிப்பட்ட வரலாறு என்று இன்னொரு கட்டுரை கேட்கும்; உதவித்தொகைப் படிவங்களிலும் கேட்பார்கள். அங்கே தாராளமாக எழுதுங்கள். இந்த உதாரணத்தை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள், அது என் தலைப்பு!

பரிந்துரைக் கடிதம் வெளிநாட்டுக்குப் பெரும்பாலும் மூன்று. இறுதியாண்டு புராஜெக்ட் மேற்பார்வையாளர், நீங்கள் நன்றாகச் செய்த ஒரு பாடத்தின் விரிவுரையாளர், பயிற்சிக்கால எஞ்சினியர் ஆகிய மூவர் போதும். "ஒய்.பி.கிட்ட (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்) லெட்டர் வாங்கித் தரேன்" என்று ஒரு மாமா கட்டாயம் வருவார். அவரை நோகடிக்காமல், அந்தக் கடிதத்தை ஊரிலுள்ள அறவாரிய உதவிக்கு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். தேர்வுக் குழுவுக்கு உங்கள் வேலையை நேரில் பார்த்தவரின் சொல்தான் வேண்டும். சாரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டு, உங்கள் மதிப்பெண், புராஜெக்ட் சுருக்கம், கெடு தேதிகள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொடுங்கள்.

சான்றிதழ்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மலாயில் மட்டும் இருப்பதை மொழிபெயர்ப்பு, நூல் கழகமான ஐ.டி.பி.எம்.மில் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலத் தேர்வான ஐ.ஈ.எல்.டி.எஸ். மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும், ரொம்ப முன்னால் எழுதி வைக்காதீர்கள்.

நம் பெயர்தான் தலைவலி. கடப்பிதழில் ஏ/பி (மகள்), ஏ/எல் (மகன்) என்று அப்பா பெயருக்கு முன் இருக்கும். ஆன்லைன் படிவம் சாய்கோட்டை ஏற்காது. குடும்பப் பெயர் கட்டாயம் என்று சிவப்பில் எச்சரிக்கும். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, உங்கள் பெயரை முதல் பெயராகப் போடுங்கள். ஒரு இடத்தில் எப்படிப் போட்டீர்களோ அதே மாதிரி எல்லா இடத்திலும் போடுங்கள். ஆங்கிலத் தேர்வுக்குப் பதியும்போது மட்டும் கடப்பிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று சேர்க்கை அலுவலகத்துக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நேர்காணல் இணையவழியில் வரும். ஜனவரியில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 10. தோட்டத்துப் பக்கம் இணைய லைன் மழைக்கு விழும் என்றால் டவுனில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் உட்காருங்கள். தொலைபேசி டேட்டாவையும் தயாராக வைத்திருங்கள். உங்கள் புராஜெக்டைப் பற்றித் துருவிக் கேட்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று சொல்லுங்கள்.

இடம் கிடைத்துவிட்டால் பி.டி.பி.டி.என். (தேசிய உயர்கல்வி நிதிக் கழகம்) கடனைத் திருப்பிச் செலுத்துவதைத் தள்ளிப்போட விண்ணப்பியுங்கள்; முதல் வகுப்பில் தேறியவர் கடன் விலக்குக்கே தகுதி உண்டா என்று பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் உதவித்தொகையோடு தரும் இடத்துக்கு ஏப்ரல் 15 வரை முடிவு சொல்ல நேரம் தருகின்றன. அதற்கு முன் அவசரப்படுத்தினால் அந்தத் தேதியைச் சுட்டிக்காட்டி மரியாதையாகக் கேட்கலாம். ஒன்றை ஏற்றுக்கொண்ட அன்றே மற்ற இடங்களுக்கு வரவில்லை என்று எழுதிவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் யாருக்காவது அது போகும்.