நீரில் மூழ்கிய டர்ட் பைக்: என்ஜினைச் சோதிக்கும் முறை

தண்ணீரில் மூழ்கி எழுந்த வண்டியை உடனே ஸ்டார்ட் செய்து பார்க்கும் அவசரம், தண்ணீர் செய்யாத சேதத்தையும் என்ஜினுக்குச் செய்துவிடும். காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலேறினால், அந்த விசையைத் தாங்க முடியாமல், பிஸ்டனைக் கிராங்க்குடன் இணைக்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகவே செல்ஃப் பட்டனையும் கிக்கரையும் தொடாமல், சாவியை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து வண்டியை மேட்டுக்குத் தள்ளி வாருங்கள்.

முதலில் தெரிய வேண்டியது, மூழ்கியபோது என்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா என்பதுதான். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னை வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் நடந்ததுபோல நிறுத்திவைத்த இடத்திலேயே மூழ்கிய வண்டியில் ராடு வளைந்திருக்க வாய்ப்பில்லை. அங்கே பயப்பட வேண்டியது துருவுக்கும் சேற்றுக்கும்தான். ஓடையைக் கடக்கும்போது விழுந்து, ஓடிக்கொண்டிருந்த என்ஜின் சட்டென்று நின்றிருந்தால், ராடு வளைந்திருக்கும் என்ற சந்தேகத்துடனேயே சோதனையைத் தொடங்குங்கள்.

முட்டுக்காடு உப்பங்கழியிலோ கடலோரத்திலோ மூழ்கியிருந்தால், எதையும் கழற்றுவதற்கு முன் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீரே உப்பாக இருப்பதால், மெட்ரோ வாட்டரைப் பயன்படுத்துவது நல்லது.

அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றி, என்ஜினை நோக்கிய உட்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். அது உலர்ந்திருந்தால் பெரிய ஆறுதல்; ஆனாலும் என்ஜினின் உட்காற்றை வெளியேற்றும் கிராங்க்கேஸ் பிரீதர் குழாய் வழியாகத் தண்ணீர் ஆயிலுக்குள் போயிருக்கலாம் என்பதால், மற்ற சோதனைகளை விட்டுவிடக் கூடாது. உட்பக்கம் ஈரமாகவோ மண் படிந்தோ இருந்தால், சிலிண்டருக்குள்ளும் அது போயிருக்கிறது என்றே கொள்ளுங்கள்.

ஸ்பார்க் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் பிளக் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி வெளியேறும். அதில் பெட்ரோலும் கலந்திருக்கும் என்பதால் முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். அருகில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது. சக்கரம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கெட்டியாக நின்றால் பலம் கொடுக்காமல் அத்துடன் நிறுத்தி, மெக்கானிக்கிடம் கொண்டுசெல்லுங்கள். தண்ணீர் முழுவதும் வெளியேறியதும், துரு பிடிக்காமலிருக்க ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயிலைத் துளைக்குள் விட்டு மீண்டும் சுற்றுங்கள்.

பிறகு ஆயிலை, ஒளி ஊடுருவும் பாத்திரம் ஒன்றில் வடியுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. அடியில் தங்கியிருப்பதால் போல்ட்டைத் திறந்ததும் அதுதான் முதலில் வரும். ஆயில் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தால், ஓடும் என்ஜினில் தண்ணீர் கலந்து கடையப்பட்டிருக்கிறது. வடித்த ஆயிலை விரலிடையே தேய்த்துப் பாருங்கள். நெறுநெறுவென்று மணல் தட்டுப்பட்டால் ஆயில் மாற்றுவது மட்டும் போதாது, என்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். தண்ணீரைவிட மணல்தான் பேரிங்கையும் சிலிண்டரையும் வேகமாகத் தின்னும்.

ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் கியர் ஆயில் தனியாக இருக்கும். தண்ணீர் கிராங்க் அறையில் தேங்கும். பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டு, பிளக் இல்லாத நிலையில் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றி அதை வெளியேற்ற வேண்டும்.

ராடு வளைந்ததா என்பதை ஓரளவு வீட்டிலேயே அறியலாம். பிஸ்டன் உச்சத்தில் இருக்கும்போது பிளக் துளை வழியாக ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ராவை விட்டு ஆழத்தைக் குறித்துக்கொண்டு, அதே மாடலில் நல்ல நிலையிலுள்ள வண்டியின் அளவோடு ஒப்பிடுங்கள். வளைந்த ராடு குட்டையாகிவிடுவதால் பிஸ்டன் கீழேயே நின்றுவிடும். எளிதாக ஸ்டார்ட் ஆக அழுத்தத்தைத் தானே குறைக்கும் ஆட்டோ டிகம்ப்ரஷன் உள்ள என்ஜின்களில் கம்ப்ரஷன் கேஜ் குறைவான அளவைக் காட்டி ஏமாற்றக்கூடும் என்பதால், சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி அது எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன் சோதனையே நம்பகமானது. காற்று சைலன்சர் வழியே சீறினால் எக்ஸாஸ்ட் வால்விலும், ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்விலும், ஆயில் ஊற்றும் துளையில் சீறினால் பிஸ்டன் ரிங்கிலும் கோளாறு இருக்கிறது.

இவை அனைத்தும் சரியாக இருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யலாம். டேங்க்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் முழுவதும் காலி செய்யுங்கள். இப்போதைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு அடியில் பிரிந்து தங்கும் என்பதால், பழைய பெட்ரோலை வடிகட்டிப் பயன்படுத்துவது வீண். சைலன்சரில் தேங்கிய நீரையும் வடித்து, புதிய ஆயில் ஃபில்டரும், வெட் கிளட்ச்சுக்கு (ஆயிலில் நனைந்தபடி இயங்கும் கிளட்ச்) ஏற்ற விலை குறைந்த ஆயிலும் இட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் மட்டும் ஓடவிட்டு வடியுங்கள். ஆயில் தெளிவாக வரும்வரை இதைத் திரும்பச் செய்த பிறகே நல்ல ஆயிலை ஊற்ற வேண்டும். ஓடும்போது 'டக் டக்' என்று தட்டும் ஒலி கேட்டால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள்.

அடுத்த சில வாரங்களிலும் காதைத் தீட்டி வைத்திருங்கள். வேகம் கூடக் கூட உறுமலும் கூடினால், கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் துருப்பிடித்திருக்கிறது. அதற்குப் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய பேரிங் தேடாமல், ஜி.பி. ரோட்டில் புதியதாகவே வாங்கிப் போடுங்கள். அதை மாற்ற என்ஜினை முழுவதும் பிரிக்க வேண்டியிருப்பதால், பேரிங் விலையைவிடக் கூலியே அதிகமாகும்.